ஜெம்பே செட்டா, எவே மணியா: குழுவா வாசிக்க எதுல ஆரம்பிக்கலாம்?

நாங்க எட்டு பேர். எல்லாருக்கும் ஜெம்பே, அதாவது மேற்கு ஆப்பிரிக்காவோட கை ட்ரம், அடிக்கத் தெரியும், தனித்தனியா வாசிச்சா கேக்க நல்லாவே இருக்கும், ஆனா சேந்து உக்காந்தா ரெண்டு நிமிஷத்துல வேகம் ஏறி யார் எங்க இருக்காங்கன்னே தெரியாம நின்னுடும். கையில குறை இல்ல, கத்துக்கிட்ட விதத்துலதான் குறைன்னு புரிய ரொம்ப நாளாச்சு. முதல்ல போன ஒரு வொர்க்‌ஷாப்ல ரெண்டே நாள்ல ஆறு ரிதம் சொல்லிக்குடுத்தாங்க, ஆறுக்கும் ஜெம்பே பார்ட் மட்டும்தான், ஜெம்பேயோட சேத்து குச்சியால அடிக்கிற துனுன் ட்ரம் பேருக்குக்கூட ஒண்ணு அந்த ரூம்ல இல்ல. வீட்டுக்கு வந்து ரெக்கார்டிங்கப் போட்டா எது எந்த ரிதம்னு எங்களுக்கே பிரிச்சு சொல்ல முடியல. அதுக்கப்புறம்தான் கினியா ஜெம்பே-துனுன் முறையையும் கானா, டோகோ பக்கம் இருக்கிற எவே மக்களோட முறையையும் ஒண்ணொண்ணா உக்காந்து பாத்தோம். ஒரு குழு புதுசா ஆரம்பிக்குதுன்னா எது எங்க உதவும், எங்க இடிக்கும்னு எனக்குப் பட்டத சொல்றேன்.

கினியா பக்கம் மலிங்கே மக்களோட செட்ல மூணு துனுன் இருக்கும், சின்னது கென்கெனி, நடுவுல சங்பான், பெருசு துனுன்பா, மூணும் மாட்டுத்தோல், குச்சியால அடிக்கிறது, ஒரு கை தோல்ல அடிக்க இன்னொரு கை அதே ட்ரம்மு மேல கட்டின மணிய அடிக்கும். அதுக்கு மேல ஆட்டுத்தோல் போட்ட ஜெம்பே, ஒண்ணு ரெண்டு துணைக்கு, ஒண்ணு சோலோ. எல்லாரும் ஜெம்பேலதான் ஆரம்பிக்கிறோம், ஏன்னா அது கடையில கிடைக்குது, கையால அடிக்கலாம், பாஸ், டோன், ஸ்லாப்னு மூணு அடி பழகிட்டா அன்னிக்கே ஏதோ வந்துட்ட மாதிரி ஒரு சந்தோஷம். ஆனா ரிதம் எதுன்னு சொல்றது ஜெம்பே இல்ல. ஹமானா பகுதியில, அதாவது குருஸ்ஸா ஊரச் சுத்தி, துனுன்பாங்கிற பேர்லயே ஒரு ரிதம் குடும்பம் இருக்கு, பலசாலிகளோட ஆட்டம்னு சொல்வாங்க, அதுல இருபதுக்கு மேல ரிதம். துணை ஜெம்பே வாசிக்கிறது பெரும்பாலும் ஒண்ணேதான், கென்கெனியும் கிட்டத்தட்ட அப்படித்தான், சங்பான் மாறும்போதுதான் அது வேற ரிதம். இத தெரிஞ்சப்பதான் அந்த ரெக்கார்டிங்ல எங்களுக்கு ஏன் வித்தியாசமே தெரியலன்னு விளங்குச்சு, நாங்க கத்துக்கிட்டது பேரில்லாத பாதி.

கினியா முறையோட பெரிய பலம், அது ஏற்கனவே மேடைக்குன்னு அடுக்கி வெச்ச ஒண்ணு. 1958ல சுதந்திரம் வந்தப்புறம் அரசாங்கமே கிராமத்து வாத்தியக்காரங்கள தேசிய பாலே குழுக்களுக்கு எடுத்துச்சு, ஃபமுடு கொனாட்டே, மமாடி கெய்ட்டா ரெண்டு பேரும் அப்படி வந்தவங்கதான், மமாடி கெய்ட்டா அப்புறம் 1991ல பிரஸ்ஸல்ஸ்ல பள்ளிக்கூடமே ஆரம்பிச்சாரு. அதனால பாடமா சொல்லிக்குடுக்கிற வழி தெளிவா இருக்கு, கிராமத்துல கொஞ்ச பேரே வாசிக்கிறது மேடையில நிறைய பேர் வாசிக்கிற மாதிரி மாறினதுல, எல்லாரும் சேந்து நிக்கிற பிரேக்கெல்லாம் ரெடியா இருக்கு. லீட் வாசிக்கிறவர் ஒரு சிக்னல் குடுத்தா ஆரம்பம், அதே சிக்னல் திரும்ப வந்தா முடிவு. எட்டு பேர் குழுவுக்கு இந்த ஒரு சிக்னல் எவ்வளவு பெரிய உதவின்னு அனுபவிச்சாத்தான் தெரியும், நாங்க முதல் தடவையா ஒண்ணா நிறுத்தினது குக்கு ரிதத்துலதான். மீன் பிடிச்சிட்டு வர்ற பொம்பளைங்க ஆடினது, பெய்லா பக்கத்துக் காட்டுப் பகுதியில இருந்து வந்தது. அன்னிக்கு ரூம்ல ஒரு நிமிஷம் யாரும் பேசல.

இப்ப எவே பக்கம் வாங்க. இங்க நடுநாயகம் காங்கோகுயி, இரும்புல செஞ்ச இரட்டை மணி. அதோட அஹாட்சே, சுரைக்காய்க் குடுக்கைக்கு பாசிமணி வலை கட்டினது, தொடையில அடிச்சா 'பா', மேல தூக்கி உள்ளங்கையில பட்டா 'டி'. அப்புறம் ககானு, கிடி, சோகோன்னு மூணு ட்ரம், பெரிய ஆட்டங்கள்ல ஆள் உயரத்துக்கு சாய்ச்சு வெச்ச தலைமை ட்ரம் அட்சிமேவு. அக்பட்ஜா மாதிரி கல்யாணம், சாவு எல்லாத்துக்கும் வாசிக்கிற ஒண்ணுக்கு சோகோவே தலைமை தாங்கும், அஞ்சு பேர் இருந்தா போதும்.

அந்த மணியக் கொஞ்சம் கிட்டப்போய் பாக்கணும். ஒரு சுத்துக்கு 12 துடிப்புன்னு வெச்சுக்கோங்க, மணி அடிக்கிறது 7 இடத்துல: 1, 3, 5, 6, 8, 10, 12. ஆடறவங்க கால் வைக்கிறது 1, 4, 7, 10ல. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, கால் விழற நாலு இடத்துல ரெண்டு இடத்துலதான் மணி இருக்கு, முதல்லயும் கடைசியிலயும், நடுவுல இருக்கிற ரெண்டு காலுக்கும் மணி வராது. அந்த எடத்துலதான் எல்லாரும் வழுக்குவாங்க. தாளம் போட்டுப் பழகின நம்ம ஆளுங்களுக்கு இன்னும் கஷ்டம், மணிச் சத்தம் கேட்ட எடத்துல கை தானா தட்டப் போகும். ககானு இத விட மோசம், அது ஒவ்வொரு காலுக்கும் ரெண்டு அடி, ஆனா காலு விழற எடத்த விட்டுட்டு அதுக்கு அடுத்த ரெண்டு துடிப்புல. எழுதிப் பாத்தா குழந்தை விளையாட்டு, வாசிச்சா அந்த ரெண்டு அடியில முதல் அடியே கால்னு காது மெல்ல நம்ப ஆரம்பிச்சிடும், அப்படி ஒருத்தர் காது திரும்பிட்டா அவர் கை கொஞ்சங்கூட தப்பு பண்ணாமலே மொத்த குழுவும் சாய்ஞ்சிடும். எங்களுக்கு இது மூணு வாரம் நடந்துச்சு.

ஆனா அதே காரணத்துக்காகத்தான் எவே முறைய நான் ரொம்ப மதிக்கிறேன். உங்க பார்ட்ட மட்டும் தெரிஞ்சுக்கிட்டு அங்க உயிரோட இருக்கவே முடியாது. கினியா செட்ல நல்ல சங்பான் ஒருத்தர் இருந்தா மத்தவங்க அவர் மேல ஏறி சவாரி பண்ணிடலாம், தன்னோடத அடிச்சிட்டே போகலாம். எவேல ககானு வாசிக்கிறவர் மனசுல மணி ஓடணும், காலும் ஓடணும். கிடி வாசிக்கிறவர் தலைமை ட்ரம் என்ன கேக்குதோ அதுக்குப் பதில் சொல்லணும், ஒரே பேட்டர்ன் கடைசி வரைக்கும்னு உக்கார முடியாது.

செலவு, இடம்னு பாத்தா ஜெம்பே சுலபமா கிடைக்கும், துனுன் மூணும் சேந்தா காசும் இடமும் அதிகம், சத்தம் பக்கத்து வீட்டுக்கு நல்லா கேக்கும். எவே ட்ரம் வெளிய கிடைக்கிறது கஷ்டம், ஆனா ஒரு மணியும் ரெண்டு அஹாட்சேயும் இருந்தா மீதிய வாயிலயும் கைத்தட்டுலயும் வெச்சே பல வாரம் ஓட்டலாம், நாங்க ஓட்டினோம். நேர்ல போய் கத்துக்கணும்னா கானாவுல கோபேயியா கிராமத்துல காட்வின் அக்பெலி 1982ல ஆரம்பிச்ச டக்பே மையம் இருக்கு, வெளிநாட்டுல இருந்து பல பேர் அங்க தங்கிக் கத்துக்கிறாங்க.

இந்த ரெண்டுக்கும் நடுவுல க்பன்லோகோன்னு ஒண்ணு இருக்கு, கானா தலைநகர் அக்ரால கா மக்களோட இளசுங்க 1960கள்ல உருவாக்கினது. மணி 16 துடிப்புல அஞ்சே அடி, கியூபா இசையில வர்ற சோன் கிளாவேங்கிற தாளத்த கேட்டிருந்தீங்கன்னா காதுக்கு ஏற்கனவே பழக்கம். எவே மணி பயமா இருக்குன்னா ஒரு மாசம் இத வாசிங்க. செனகல் நாட்டு சபார் ட்ரம், ஒரு கையில குச்சி இன்னொரு கை வெறுங்கை, அதுல பெரிய ஆளான டூடு என்டியாய் ரோஸ் பேர் கேட்டிருப்பீங்க, அற்புதமான விஷயம்தான், ஆனா நீள நீளமான சொற்கட்ட எல்லாரும் ஒரே மூச்சுல வாசிக்கணும். புது குழுவுக்கு நான் சொல்ல மாட்டேன்.

எது எடுத்தாலும் கத்துக்கிற வழியிலயும் ரெண்டு கட்சி இருக்கு, கட்டம் போட்டு எழுதி வெச்சுக்கிறவங்க, வாயால சொல்லி வாங்கிக்கிறவங்க. கட்டம் முறைய 1962ல கலிஃபோர்னியால ஃபிலிப் ஹார்லண்ட் கொண்டு வந்தாரு, ஒரு துடிப்புக்கு ஒரு கட்டம், அடி இருந்தா குறி. மேல நான் மணிய எண்ணுல சொன்னதும் அதே வழிதான், ஞாபகத்துக்கு நல்லது. ஆனா கட்டம் எல்லாம் ஒரே அளவு, வாசிப்பு அப்படி இல்ல. மாலி தலைநகர் பமாகோவோட ஜெம்பே வாசிப்ப அளந்து பாத்த ஆராய்ச்சியாளர் ரைனர் போலக், அந்தத் துடிப்புகள் பல ரிதத்துல சமமாவே இல்ல, ஒண்ணு குட்டையாவும் அடுத்தது நீளமாவும் நிலையா அப்படியே வருதுன்னு காட்டியிருக்காரு. கட்டத்தப் பாத்து கத்துக்கிட்டவங்க வாசிப்பு எல்லா அடியும் சரியான எடத்துல விழுந்தும் விறைப்பா இருக்கிறது இதனாலதான். வாயால கத்துக்கிட்டா அந்த நெளிவும் சேந்தே வந்துடும், ஜெம்பேக்கு நைஜீரியா ட்ரம் கலைஞர் ஒலாடுஞ்சி பரப்பின 'குன்-டுன், கோ-டோ, பா-டா'வும் இதுக்குத்தான், பாஸ், டோன், ஸ்லாப்ப வாயில கொண்டு வர்றது. மிருதங்கம் கத்துக்கிட்டவங்களுக்கு இத நான் சொல்லவே வேணாம், சொல்லு வாயில நின்னப்புறம்தான் கை. என் பழக்கம், முதல்ல வாய், அப்புறம் கை, வீட்டுக்கு வந்து மறக்காம இருக்க மட்டும் கட்டம். வீடியோ பாத்துக் கத்துக்கிட்டா கை போற இடம் தெரியும், பக்கத்துல இருக்கிறவரக் கேக்கப் பழக மாட்டோம்.

ஆக என் ஓட்டு எதுக்குன்னு கேட்டா, முதல் வருஷம் கினியா, ஆனா ஜெம்பேய மூடி வெச்சிட்டு துனுன்ல ஆரம்பிங்க, எல்லாரும் மூணு துனுனையும் மாத்தி மாத்தி வாசிக்கணும், சங்பானப் பாடத் தெரியாதவங்க அந்த ரிதத்துக்கு ஜெம்பே எடுக்கக் கூடாது. ரெண்டாவது வருஷம் எவே. வேகம் ஏறுற வியாதி ஏற்கனவே இருக்கிற குழுன்னா இத திருப்பிப் போட்டு மணியில இருந்தே ஆரம்பிங்க, எங்களுக்கு அப்படித்தான் செய்ய வேண்டி இருந்துச்சு.

இப்ப வாராவாரம் முதல் பத்து நிமிஷம் யாரும் ட்ரம் தொடறதில்ல. ஒருத்தர் மணி, மீதி ஏழு பேரும் நின்னுக்கிட்டு நாலு காலையும் மிதிச்சுக்கிட்டே ககானுவ வாயால சொல்றோம், யாருக்காவது கால் தப்பினா மணிய நிறுத்தாம அவரே அடுத்த சுத்துல சேந்துக்கணும். போன வாரம் பத்து நிமிஷமும் யாருக்கும் கால் தப்பல.