பழைய ஃபியட்டைப் பட்டறையில் விடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

பாலாற்றுப் பாலத்தின் நடுவில் வண்டி நகர மறுத்து நின்றபோது பின்சீட்டில் அம்மா இருந்தார். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இஞ்சின் உறுமுகிறது, வண்டியை யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல் திணறுகிறது, பிரேக் பெடல் கல் மாதிரி மேலேயே நிற்கிறது. பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இறங்கி முன்சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனால் அனல் அடித்தது. பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் பிரேக் டிரம்மில் விட்டேன், சுர்ரென்று ஆவியாகிவிட்டது. பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

வண்டி 1968 ஃபியட் 1100 டிலைட். பம்பாய் குர்லாவில் செய்தது, பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியதே, அந்தக் குடும்பம்தான். அப்பா ஓட்டியது. அவர் போன பிறகு ஒன்பது வருடம் காட்பாடி வீட்டு ஷெட்டில் நின்றது. 50 வருடம் தாண்டிய, சேசிஸ், பாடி, இஞ்சின் எதையும் மாற்றாத வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம், நம்பரில் விஏ என்று வரும் என்று 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஆசை வந்தது. இருப்பதைச் சுத்தம் செய்ய வேண்டும், தேய்ந்ததை மட்டும் மாற்ற வேண்டும், வேறு எதிலும் கை வைக்கக் கூடாது. பட்டறைக்காரரிடம் இதை மூன்று முறை சொன்னேன். "நம்ம பொறுப்பு சார், நீங்க வந்து சாவியை வாங்கிக்கிட்டுப் போனா போதும்" என்றார். வேலூருக்குள்தான் அந்தப் பட்டறை. பெயர் எழுதப் போவதில்லை, எந்தப் பட்டறையானாலும் இது நடக்கலாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

மொத்தம் 1,42,000 ரூபாய். முதலில் 60,000 அட்வான்ஸ், மீதி வண்டி எடுக்கும்போது. பில் என்று கொடுத்தது கோடு போட்ட நோட்டுத்தாளில் எழுதிய கணக்கு. பிரேக் முழு செட், ஹெட் (இஞ்சினின் மேல்மூடி) இறக்கிக் கார்பன் சுரண்டியது, கிங் பின் (முன்சக்கரம் திரும்புகிற அச்சாணி) இரண்டு பக்கமும் புதுசு, கார்புரேட்டர் சர்வீஸ் என்று வரிசையாக இருந்தது. வண்டி பளபளவென்று நின்றது. இஞ்சினுக்கு மேலே சில்வர் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். எடுத்த மறுநாளே வண்டி கொஞ்சம் இழுவையாக இருக்கிறது என்று போனில் சொன்னபோது "புது லைனிங் சார், ஓட ஓட செட்டாயிடும்" என்றார்.

அன்றைக்குப் பாலத்தில் ஒரு லாரி டிரைவர்தான் உதவினார். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பிளீடர் நிப்பிளை, அதாவது பிரேக் லைனில் காற்றை வெளியேற்றும் திருகை, கால் சுற்றுத் தளர்த்தச் சொன்னார், பிரேக் ஆயில் பீய்ச்சியது, உடனே பெடல் இறங்கி வண்டி உருண்டது. அதை வைத்துக்கொண்டு ஊர்ந்தே வீடு வந்தோம். அடுத்த வாரம் ஆற்காட்டில் ஃபியட், அம்பாசடர் என்று நாற்பது வருடம் பார்த்த ஒரு பெரியவரிடம் டோ பண்ணிக் கொண்டுபோனேன். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, பிரேக் ஆயில் டப்பாவிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி அதில் விட்டார். நல்ல பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். இதில் மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தது. "மண்ணெண்ணெய்ல கழுவி இருக்காங்க தம்பி" என்றார்.

விஷயம் இதுதான். பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்புகள் பிரேக் ஆயிலுக்கென்று செய்தவை. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், கிரீஸ் எது பட்டாலும் அந்த ரப்பர் ஊறி உப்பிவிடும். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பி வருவதற்கு ஊசி போன்ற ஒரு சின்ன ஓட்டை உண்டு, உப்பிய கப் அதை அடைத்துவிட்டால் காலை எடுத்த பிறகும் அழுத்தம் லைனிலேயே நிற்கும், பிரேக் பிடித்தபடியே ஓடி டிரம் சூடாகும், சூட்டில் ஆயில் விரிந்து இன்னும் இறுகும். என் வண்டியில் கழற்றிய கப்பைப் புது கப் பக்கத்தில் வைத்துக் காட்டினார், விளிம்பு சுருண்டு, பார்த்தாலே தெரிகிற அளவுக்குப் பெரிதாக இருந்தது. பழைய ஃபியட்டில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன், ஓரிடத்தில் கப் கிழிந்து ஆயில் போனால் எங்கேயும் பிரேக் இருக்காது. ஏலகிரிக்குப் போகலாம் என்று அம்மா கேட்டிருந்தார். பதினான்கு கொண்டை ஊசி வளைவு. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. சிலிண்டரைக் கழுவுவதற்குப் புது பிரேக் ஆயிலோ ஸ்பிரிட்டோ போதும், நூறு இருநூறு ரூபாய் சமாச்சாரம்.

ஹெட் கதை இன்னும் மோசம். இந்த வண்டியில் இஞ்சினின் அடிப்பாகமான பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரும்பைக் காஸ்டிக் சோடா கொதிநீரில் போட்டு எடுத்தால் பிசுக்கு போய்ச் சுத்தமாகிவிடும், அலுமினியத்தைப் போட்டால் அது கரைய ஆரம்பிக்கும். இரும்புச் சாமான்களோடு ஹெட்டையும் சேர்த்தே தொட்டியில் இறக்கியிருக்கிறார்கள். ஆற்காட்டுப் பெரியவர் ஹெட்டைக் கழற்றியபோது பிளாக்கோடு சேரும் அதன் முகம் கருத்து, தண்ணீர் ஓட்டைகளைச் சுற்றி அரித்துப் பள்ளம் பள்ளமாக இருந்தது, இரண்டுக்கும் நடுவில் வைக்கும் கேஸ்கெட்டில் தண்ணீர் கசிந்த தடம் வேறு. பட்டறையில் ஹெட்டை இறக்கிய அன்று நான் எடுத்த போட்டோவில் அந்த முகம் வழவழவென்று இருக்கிறது. அந்த ஒரு போட்டோ இல்லையென்றால் "ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது" என்று சொல்லியிருப்பார்கள்.

கிங் பின்னுக்கு 9,500 எழுதியிருந்தார்கள். மாற்றவே இல்லை, கிரீஸ் அடித்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள். இதை நீங்களே பார்க்கலாம்: முன்பக்கம் ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், ஆடினால் உள்ளே ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காமல் ஆடினால் கிங் பின்.

பட்டறைக்குப் போய்க் கேட்டேன். முதலில் பையன் தெரியாமல் செய்துவிட்டான் என்றார், கழற்றிய பழைய கிங் பின்னைக் காட்டுங்கள் என்றதும் இரும்புக்கடைக்குப் போய்விட்டது என்றார், அப்புறம் குரலை உயர்த்தினார். பணம் திரும்ப வரவில்லை.

வண்டி விடுகிறவர்கள் கழற்றிய ஒவ்வொரு சாமானும் ஒரு கோணியில் கட்டி வீட்டுக்கு வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், அதற்குத் தயங்கும் பட்டறையில் விடாதீர்கள். எதை எதில் கழுவுவீர்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நேரில் போய்ப் போட்டோ எடுங்கள். முறையான பில் வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள், நான் செய்த தவறு அது. இருந்தாலும் நோட்டுத்தாளையும், ஜிபேயில் அனுப்பிய கணக்கையும், போட்டோக்களையும் வைத்து நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்கிறார்கள்.

பிரேக் வேலையைப் பெரியவர் புதுக் கப் போட்டு முடித்துவிட்டார். ஹெட்டைத்தான் காப்பாற்ற முடியாது என்கிறார். சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தும் கிடைத்ததெல்லாம் விரிசல் விட்டவை. யாரிடமாவது 1100 டிலைட்டின் நல்ல ஹெட் இருந்தால் சொல்லுங்கள், எந்த ஊரானாலும் நானே வந்து, முகத்தை ஸ்கேல் வைத்துப் பார்த்து, வாங்கிக்கொள்கிறேன்.