பதுளைக் காணிக்குப் புதுக்கடையில் தோம்பு பார்த்த கதை

வெள்ளவத்தை பிளாட்டில் இருந்து இருந்து அலுத்துப்போய், மலைப்பக்கம் ஒரு சின்ன வீடு கட்டவேண்டும் என்று எனக்கும் மனைவிக்கும் கனகாலத்து ஆசை. ஹல்துமுல்லைப் பக்கம் 40 பேர்ச் காணி ஒன்று தோதான விலைக்கு வந்தது. உறுதி சுத்தம், ஒரு வில்லங்கமும் இல்லை என்று புரோக்கர் அடித்துச் சொன்னார். நான் அதோடு விடாமல், கொழும்பு புதுக்கடையில் ஒரு நொத்தாரிசு கந்தோரில் தோம்பு பார்க்க, அதாவது காணிப் பதிவேட்டைத் தேடிப் பார்க்கக் கொடுத்தேன். எழுதப்போவது அந்தச் சேவையைப் பற்றித்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காசு வாங்குவதற்கு முன்பே உறுதியின் பிரதி, பிளான், வரிச் சிட்டை எல்லாம் கேட்டார்கள். அந்த மாவட்டத்துப் பதிவேடுகள் பதுளையில் இருப்பதால் கிளார்க் ஒருவர் நேரே அங்கே போய்ப் பார்த்து வந்தார். பத்து நாளில் கோப்பு கைக்கு வந்தது. யார் யாருக்கு எழுதியது, எந்த ஏட்டில் எந்தப் பக்கம், அந்தப் பக்கம் நிரம்பியதும் பதிவு எங்கே தொடர்ந்தது என்று எல்லாம் வரிசையாக இருந்தது. வழக்கமாக 30 வருடம் பார்ப்பார்கள், இவர்கள் அதற்கும் பின்னால் போயிருந்தார்கள்.

கோப்பில் இருந்த ஏட்டுப் பிரதியில் ஒரு வரியைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தது. 1998இல் ஒரு ஈடு (அடமானம்), அதை மீட்டதாக எங்கேயும் பதிவில்லை. விற்பவரிடம் கேட்டால் "அது அப்பா காலத்துலயே கட்டி முடிச்சாச்சு அண்ணே" என்றார். கிளார்க்கிடம் அதைச் சொன்னேன். "கட்டியிருப்பினம் ஐயா, ஆனா மீட்சி பதிஞ்சிருக்கோணும்" என்று அவர் விடவில்லை. இந்த ஒன்றுக்கே கொடுத்த காசு தகும்.

இன்னொன்றையும் அவர்கள்தான் விளக்கினார்கள். கிராமப்புறத்தில் விலை குறைவாக வருகிற காணி பலது அரசாங்கம் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியோ அளிப்புக் காணியோவாக இருக்கும். அளிப்பென்றால் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது, வெறும் அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு விற்கவே வழியில்லை. அதோடு, உறுதி எழுதின கையோடு பதிந்துவிடச் சொன்னார்கள். ஒரே காணியை இரண்டு பேருக்கு எழுதியிருந்தால், 1927ஆம் ஆண்டு ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, பிறகு எழுதிய உறுதி முதலில் பதியப்பட்டால், காசு கொடுத்து மோசடி இல்லாமல் வாங்கியவருக்கு அதுதான் மேலாக நிற்கும். ஆகவே கையெழுத்து வைக்கிற கிழமை ஏட்டை இன்னொருதரம் பார்க்கவேண்டும்.

இனிக் குறை. அறிக்கையின் கடைசி வரி: "ஈடு மீட்கப்பட்டால் வாங்கலாம்." எனக்கு மனம் பொறுக்காதது இந்த வரிதான். நாங்கள் காசோலை எழுதுகிற மட்டத்துக்கு வந்துவிட்டோம். அதற்கு முன் ஒருதரம் காணியைப் பார்ப்போம் என்று போனபோது, பக்கத்து லயத்து அம்மா ஒருவர் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "தம்பி, இந்த ஊத்து போன மழைக்கு அந்தா அங்க இருந்துச்சு, இப்ப இங்க வந்து ஒடைச்சிருக்கு பாருங்க" என்று காட்டினார். ஊற்றுக்கு மேலே சவுக்கு மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. வேலிக்கல் இரண்டுக்கு நடுவே மண்ணில் என் கை போகிற அகலத்துக்கு ஒரு வெடிப்பு. அங்கிருந்து கொஸ்லந்தை தூரமில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் லயங்களோடு மண் மூடிய இடம் அதுதான்.

கொழும்புக்குத் திரும்பி, பிளானோடு ஜாவத்தை வீதியில் உள்ள தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனேன். அவர்களிடம் 1:50,000, 1:10,000 அளவுகளில் மண்சரிவு அபாய வரைபடங்கள் இருக்கின்றன. பெரிய அளவு வரைபடத்தில் இடத்தைப் பொருத்திக் காட்டினார்கள். எங்கள் 40 பேர்ச் மண்சரிவு எதிர்பார்க்கத்தக்க வலயத்துக்குள் முழுதாக இருந்தது. பதுளை, நுவரெலியா, கேகாலை, இரத்தினபுரி போன்ற மாவட்டங்களில் வீடு கட்ட அனுமதி கேட்டுப் போனால் எப்படியும் இந்த நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்பார்கள். அதைக் காணி வாங்கிய பிறகு கேட்டு என்ன செய்வது? 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலையகத்தில் எத்தனை இடம் சரிந்தது என்று பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

காணியை விட்டுவிட்டோம். புதுக்கடைக் கந்தோருக்கு 5இல் 4 கொடுப்பேன், ஏட்டு வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் மலை மாவட்டத்துக் காணிக்கு "வாங்கலாம்" என்று எழுதாமல் "உறுதியில் தடையில்லை" என்று மட்டும் எழுதுங்கள், மண்ணைத் தனியாகப் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள் என்று நேரே போய்ச் சொன்னேன். அவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

இப்போது வெலிமடைப் பக்கம் ஒன்று பார்க்கிறோம். பிளான் கிடைத்ததும் முதலில் ஜாவத்தை வீதி, அது சரி வந்தால் மட்டும் தோம்பு.