ஷ்யூர், சர்டன், கான்ஃபிடன்ட்: வாடிக்கையாளருக்கு எதை எழுதுவது?

ஆத்தங்குடி டைல்ஸ் கேட்டு வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்களுக்கு இங்கிலீஷில் பதில் போடுவது என் வேலை. "சொன்ன தேதிக்கு வருமா?" என்பதுதான் முக்கால்வாசிப் பேரின் கேள்வி. காரைக்குடியில் "கன்ஃபார்மா வந்துடும்" என்றால் போதும். ஆனால் "ஐ ஆம் கன்ஃபார்ம்" என்று இங்கிலீஷில் எழுத முடியாது. ஐந்தாறு சொற்களைப் புழங்கிப் பார்த்துவிட்டு நான் கான்ஃபிடன்ட் பக்கம் வந்துவிட்டேன்.

ஷ்யூர் பேச்சுக்கு நல்ல சொல். ஆனால் "ஐ ஆம் ஷ்யூர் இட் வில் கம்" என்பது பல நேரம் "வந்துடும், கவலைப்படாதீங்க" என்ற ஆறுதலாகவே கேட்கும். கண்ணால் கண்டதை ஒருவர் மறுக்கும்போது அடித்துச் சொல்லப் பாசிட்டிவ். கன்வின்ஸ்ட், ஆதாரம் பார்த்து மனம் தெளிந்தவர் சொல்வது. விற்கிறவர் சொன்னால், இவருக்கே முதலில் சந்தேகம் இருந்ததோ என்று தோன்றும். அஷ்யூர்ட் நான் அதிகம் எழுதியதில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

சர்டன்தான் நிஜமான போட்டி. "இட் இஸ் சர்டன்" என்று ஆளையே விட்டுவிட்டு விஷயத்தைப் பற்றிச் சொல்லலாம். "இட் இஸ் ஷ்யூர்" என்று அப்படி எழுதுவது வழக்கமில்லை. "ஹி இஸ் சர்டன் டு வின்" என்றால் அந்த உறுதி சொல்கிறவருடையது. "சர்டன் ஆஃப் வின்னிங்" என்றால் போட்டியிடுகிறவருடையது.

சரி, சொன்னது தவறினால் என்ன ஆகும்? எனக்கு அதுதான் முக்கியம். இந்த டைல்ஸுக்குச் சூளை கிடையாது. கண்ணாடி மேல் கையால் வண்ணம் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைப்பது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தேதி தள்ளும். அப்படியிருக்க சர்டன் என்று எழுதினால் மழைக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்ததாகிவிடும். கான்ஃபிடன்ட் என்றால் என் அனுபவத்தை நம்பிச் சொல்கிறேன் என்று பொருள். படிக்கிறவர் காரணத்தை எதிர்பார்ப்பார், நானும் அடுத்த வரியிலேயே எழுதிவிடுவேன்: எத்தனை கல் காய்ந்துவிட்டது, எத்தனை இன்னும் தொட்டியில் கிடக்கிறது என்று. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். கான்ஃபிடன்டுக்குப் பின்னால் 'தட்' அல்லது 'ஆஃப்' வரும், 'டு' வராது.

சர்டனை நான் ஒதுக்கவில்லை. எண்ணிப் பெட்டியில் அடுக்கியாகிவிட்டதா, அதற்குச் சர்டன். நாளைக்கு நடக்கவேண்டியது எதுவானாலும் கான்ஃபிடன்ட்தான்.