சென்சரி ரூம் உள்ள டிமென்ஷியா இல்லம்: ஒரு வருஷத்துக்குப் பிறகு என் கருத்து

கோவைக்கு வெளியே, டிமென்ஷியா (நினைவும் அறிவுத்திறனும் படிப்படியாகக் குறையும் நோய்) உள்ளவர்களுக்கான ஒரு இல்லத்தில் என் மாமியாரைச் சேர்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெயரைப் போடவில்லை, ஏனென்றால் குறைகளையும் சொல்லப் போகிறேன், அவற்றில் சிலவற்றை அவர்கள் சரிசெய்துகொண்டும் இருக்கிறார்கள். நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள் என்று 2023-ல் ஒரு மதிப்பீடு வந்தது. அதற்கேற்ப இல்லங்களும் பெருகுகின்றன, விளம்பரத்தில் "சென்சரி ரூம் உண்டு" என்ற வரியும் தவறாமல் வருகிறது. இடம் தேடிக்கொண்டிருப்பவர்கள் அந்த ஒரு வரியை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த அறை, அதாவது ஒளி, ஒலி, வாசனை, தொடுகை மூலம் புலன்களுக்கு இதம் தருவதற்கென்று அமைப்பது. பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும், ஜன்னலுக்குக் கனமான திரை. மூலையில் ஆளுயர பபுள் டியூப், தண்ணீருக்குள் குமிழ்கள் ஏறிக்கொண்டே இருக்கும், நிறம் மாறும். மடியில் போட்டுக்கொள்ள ஒளிரும் ஃபைபர் ஆப்டிக் இழைகள், சுவரில் மீன்கள் நீந்துகிற மாதிரி ப்ரொஜெக்டர், லாவெண்டர் வாசனை விடும் கருவி, பியானோ இசை. மாதக் கட்டணத்துக்கு மேல் இதற்கென்று தனியாக 3,000 ரூபாய் வாங்குகிறார்கள்.

இப்படிப்பட்ட அறைகள் 1970களில் நெதர்லாந்தில் அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்காகத் தொடங்கியவை. ஸ்னூஸலன் என்று பெயர். டிமென்ஷியா பராமரிப்புக்கு வந்தது பின்னால்தான். உள்ளே வருகிறவர் தனக்குப் பிடித்ததைத் தன் போக்கில் தொட்டும் பார்த்தும் இருப்பார், கூட ஒருவர் அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான் அதன் அடிப்படை. ஆனால் இங்கே எல்லா ஸ்விட்சையும் ஒரே நேரத்தில் போட்டு, நாலைந்து பேரை வரிசையாக உட்கார வைத்துவிட்டு ஆயா போன் பேசப் போய்விடுகிறார். அத்தை காதைப் பொத்திக்கொண்டு "ஊட்டுக்குப் போலாமா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் நான் கூட இருந்தபோது பபுள் டியூபை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன். மோட்டார் ஓடும்போது அந்தக் குழாயில் லேசான அதிர்வு இருக்கும். அத்தை உள்ளங்கையை அதில் வைத்தார்கள், எடுத்தார்கள், மறுபடி வைத்தார்கள், பிறகு கன்னத்தையும் வைத்துக்கொண்டார்கள். அரைமணி நேரம் அந்த முகத்தில் எந்தப் பதற்றமும் இல்லை. அதனால் அறையே வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2002 ஆய்வுத் தொகுப்பு டிமென்ஷியாவுக்கு ஸ்னூஸலன் உதவுகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது. தனிக் கட்டணம் கேட்கும்போது இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

லாவெண்டர் விஷயத்தில் எனக்கு உடன்பாடே இல்லை. டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமரில் மோப்பம் ஆரம்பத்திலேயே குறையத் தொடங்கிவிடும். மிச்சமிருக்கும் கொஞ்ச மோப்பத்துக்கு, நெகமத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்மணிக்கு, லாவெண்டர் என்ன சொல்லும்? இங்கே சமையலறை தனிக் கட்டடம், சாப்பாடு மூடிய பாத்திரத்தில் வருகிறது, அதனால் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது என்று மூக்குக்கு எந்தச் செய்தியும் போவதில்லை. இதை மேலாளரிடம் சொன்னோம். நல்ல மனிதர், காதுகொடுத்துக் கேட்டார். இப்போது சாப்பாட்டுக் கூடத்தின் ஓரத்தில், தடுப்புக்கு அந்தப் பக்கம், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வைத்து ரசத்துக்கு மட்டும் அங்கேயே தாளிக்கிறார்கள். கடுகு வெடித்து, பெருங்காயமும் கறிவேப்பிலையும் மணந்தவுடன் சிலர் கூப்பிடாமலே நாற்காலியைத் தேடி வருவதைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கருவியும் வாங்கவில்லை!

நான் சொல்ல வருவது இதுதான். அந்த அறையில் அத்தை இருந்தது ஒரு நாளில் ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் கண்ணும் காதும் காலும் படுகிற பாடு வெளியேதான்.

தரையை எடுத்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் வெள்ளை டைல்ஸ், விளக்கு வெளிச்சம் பட்டால் தண்ணீர் தேங்கி நிற்கிற மாதிரி தெரியும். ஹால் வாசலில் கறுப்பு கால்மிதி. டிமென்ஷியாவில் ஆழத்தையும் நிற வேறுபாட்டையும் மூளை சரியாகப் பிரித்தறியாமல் போகலாம், கறுப்பாக இருப்பது பள்ளமாகத் தெரியும். அத்தை அங்கே வந்ததும் நின்றுவிடுவார்கள், அல்லது புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டுகிற மாதிரி காலை எட்டி வைப்பார்கள். விழுந்திருந்தால் இடுப்பெலும்புதான். "பாட்டிம்மா அடம்பிடிக்கிறாங்க" என்று நர்ஸ் குறிப்பேட்டில் எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. கால்மிதியை எடுத்த அன்றே அந்த அடமும் போய்விட்டது. டைல்ஸ் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

சாப்பாட்டுத் தட்டும் அப்படித்தான். வெள்ளைத் தட்டில் தயிர்சாதம் வைத்தால் எங்கே சோறு, எங்கே தட்டு என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. பாஸ்டனில் நடந்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், முற்றிய அல்சைமர் உள்ளவர்களுக்கு வெள்ளைக்குப் பதில் பளிச்சென்ற சிவப்பில் தட்டும் டம்ளரும் கொடுத்தபோது உணவு 25 சதவீதமும், குடிப்பது 84 சதவீதமும் கூடியது. ஆய்வில் இருந்தவர்கள் 9 பேர்தான், அதனால் அந்த எண்களை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஆனால் நம்மிடம் வாழையிலை இருக்கிறதே! அமாவாசையன்று இலை போட்டார்கள், வழக்கமாக ஊட்டிவிட வேண்டியிருந்த அத்தை பச்சையில் வெள்ளையாகத் தெரிந்த சோற்றைத் தானே பிசைந்து சாப்பிட்டார்கள். தினமும் இலை கட்டுப்படியாகாது என்கிறார்கள், சரி, அடர்பச்சை நிறத் தட்டாவது வாங்குங்கள் என்று கேட்டிருக்கிறோம்.

சத்தத்துக்கு நான் மிகக் குறைந்த மதிப்பெண்தான் கொடுப்பேன். காலையிலிருந்து ராத்திரி வரை ஹாலில் டிவி சீரியல் அலறுகிறது, சுவரில் பட்டு எதிரொலிக்கிறது. எது டிவி, எது உண்மை என்று பிரிக்க முடியாதவர்களுக்கு அந்த அழுகையும் சண்டையும் பக்கத்தில் நடப்பவைதான். இதை இன்னும் முழுசாகச் சரிசெய்யவில்லை. மதியம் 2 மணியிலிருந்து 4 மணி வரை மட்டும் அணைக்கிறார்கள், அந்த நேரத்தில் சிலோன் ரேடியோ காலத்துப் பாட்டு மெதுவாக வைத்தால் அத்தை உதட்டை அசைக்கிறார்கள்.

தோட்டம் மிக நன்றாக அமைந்திருக்கிறது. நடைபாதை வட்டமாகச் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வருகிறது, எங்கேயும் முட்டுச்சந்து இல்லை, அதனால் வழி தெரியாமல் மூடிய கேட்டின் முன் நின்று தவிக்க வேண்டியதில்லை. இடுப்பு உயரத் தொட்டிகளில் துளசி, மரிக்கொழுந்து, கற்பூரவல்லி. குனியாமலே கிள்ளி கசக்கி முகரலாம். மதில் ஓரமாக மட்டும் பொன்னரளி வரிசையாக நின்றது. இதயத்தையே பாதிக்கும் விஷம் அது, கையில் கிடைத்ததை வாயில் போடுகிறவர்கள் இருக்கும் இடத்தில் இருக்கவே கூடாது. இரண்டு மாதம் விடாமல் சொன்ன பிறகு வெட்டினார்கள்.

ஆட்களில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அத்தை கல்யாணமான நாளிலிருந்து தறிக்குத் தார் சுற்றியவர்கள், அதாவது நெசவுக்கான நூலைச் சிறு கட்டையில் சுற்றிக் கொடுத்தவர்கள். கையில் எதுவும் இல்லாவிட்டால் புடவை முந்தானையைப் பிய்த்துக்கொண்டே இருப்பார்கள். பொத்தானும் நாடாவும் தைத்த கம்பளி உறை ஒன்றை இல்லத்தில் கொடுத்தார்கள், வெளிநாட்டு வழக்கம், நம்மூர் வெயிலுக்கு அத்தை அதைத் தள்ளிவிட்டார்கள். இந்தப் பெண் எங்களிடம் விசாரித்து, தானே பருத்தி நூல்கண்டும் ஒரு வெறும் கட்டையும் கொண்டுவந்து கொடுத்தாள். அத்தை இடது கையில் கட்டையைப் பிடித்து, வலது கட்டைவிரலால் இழையை அழுத்தி, முடிச்சு வந்த இடத்தில் நிறுத்தி, நகத்தால் நீவி, மறுபடி சுற்றுகிறார்கள். என் பெயர் நினைவில்லை, முடிச்சு தெரிகிறது. அவளை "அம்மிணி" என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொல்கிறார்கள்.

வெளிச்சம் இன்னும் பாக்கி. சாயங்காலம் ஆனால் அத்தைக்குப் படபடப்பு கூடும், இங்கே அந்த நேரத்தில்தான் மின்சாரம் மிச்சம் பிடிக்கப் பாதி விளக்கை அணைக்கிறார்கள். 2008-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த டச்சு ஆய்வில், 12 இல்லங்களில் சிலவற்றில் பகல் முழுக்க பொதுக்கூடத்தில் 1000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு வெளிச்சம் வைத்துப் பார்த்தார்கள், அங்கே மனச்சோர்வு குறைந்தது, அறிவுத்திறன் சரிவதும் கொஞ்சம் மட்டுப்பட்டது. இதை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன். இப்போதைக்கு கூடத்தில் நாலு டியூப் லைட் கூடுதலாகப் போட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இல்லத்தைச் சிபாரிசு செய்வேனா? செய்வேன், சொன்னால் கேட்கிறார்கள் என்பதால். அந்த 3,000 ரூபாயை மட்டும் கொடுப்பதை நிறுத்திவிட்டோம். நீங்கள் வேறு எந்த இல்லத்தைப் பார்க்கப் போனாலும் காலையில் போகாதீர்கள், சாயங்காலம் 5 மணிக்கு மேல் போங்கள். சென்சரி ரூமைக் காட்டக் கூப்பிட்டால் அப்புறம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஹாலில் அரைமணி நேரம் உட்காருங்கள். டிவி சத்தம், தரையின் பளபளப்பு, கால்மிதி நிறம், ராத்திரி சாப்பாட்டுத் தட்டு, ஒரு ஆயாவுக்கு எத்தனை பேர் என்பது எல்லாம் அங்கே உட்கார்ந்தாலே தெரிந்துவிடும்.