‘பங்கு’, ‘பங்காக’: ஐந்து நாள் வாசிப்புப் பயிற்சி குறித்து ஒரு கணக்கு ஆசிரியை

14 ஆண்டுகளாகக் கணக்கு நடத்துகிறேன். வாசிக்கக் கற்றுக்கொடுப்பது மொழி ஆசிரியரின் பொறுப்பு என்றே நினைத்திருந்தேன். எல்லாப் பாட ஆசிரியர்களுக்குமான இந்தப் பயிற்சிக்கு அரைமனதோடுதான் போனேன்.

முதல் நாளே பயிற்சியாளர் பலகையில் இரண்டு வரி எழுதினார். ‘90 என்ற எண் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.’ ‘90 என்ற எண் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.’ முதலாவதற்கு விடை 60, அடுத்ததற்கு 30. என் வகுப்பில் இரண்டுக்குமே 30 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. பின்னம் புரியவில்லை போலும் என்று பின்னத்தையே திரும்பத் திரும்ப நடத்தியிருக்கிறேன். அவர்கள் தடுக்கி விழுந்ததோ ‘ஆக’ என்ற இடத்தில். அன்றிரவு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

பிறகு அவர் ஒரு வாக்கியக் கணக்கை உரக்க வாசித்து, மனத்தில் ஓடுவதையும் சொல்லிக்கொண்டே போனார். “இங்கே ‘மீதி’ என்கிறார்கள். எதில் மீதி? மேல் வரிக்குத் திரும்புகிறேன்.” விடையை நான் எத்தனையோ முறை போட்டுக் காட்டியிருக்கிறேன், வாசிப்பதை ஒருநாளும் காட்டியதில்லை. பக்கத்தில் இருந்த அறிவியல் ஆசிரியர் ‘வேலை’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். நாள் முழுக்கத் தள்ளினாலும் சுவர் நகராவிட்டால், இயற்பியலில் சுவரின் மீது செய்த வேலை சுழி. தெரியாத சொல்லென்றால் பிள்ளை நின்று கேட்கும். தெரிந்த சொல் வேறு பொருளில் வந்தால் கேட்காமலே கடந்துவிடும்.

வரலாற்று அமர்வும் நன்று. ஆவணத்தைப் படிக்குமுன் எழுதியவர் யார், எப்போது என்று பார்க்கும் வரலாற்றாய்வாளரின் பழக்கத்தைப் பற்றி கல்வி ஆய்வாளர் வைன்பர்க் 1991இல் எழுதியதை அடிப்படையாகக் கொண்டிருந்தார்கள்.

எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது என்று 1986இல் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சொன்னதை இரண்டாம் நாள் விளக்கினார்கள். பெருக்கல் என்றால் ஒன்று சுழியானாலும் விடை சுழிதானே? எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். கடைசி நாள் பார்க்கலாம் என்றார்கள். கடைசி நாள் சான்றிதழ் வழங்குவதிலேயே முடிந்துவிட்டது. ஊகித்தல், வினவுதல், தெளிவுபடுத்தல், சுருக்கிச் சொல்லல் என்று அவர்கள் பழக்கிய நான்கு உத்திகளும் பாலின்சார், பிரவுன் 1984இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தவை. அந்த ஆய்வில் இருந்த மாணவர்கள் சரளமாக வாசிப்பார்கள், பொருள்தான் பிடிபடாது. என் கடைசி வரிசைப் பிள்ளைகளின் நிலை அதுவல்ல.

பயிற்சிக்குப் பின் யாரும் வகுப்புக்கு வந்து பார்க்கவும் இல்லை. ஆகவே போகிறவர்கள் ஒரே பள்ளியிலிருந்து இருவராகப் போங்கள். ஒருவர் வகுப்பில் மற்றவர் உட்கார்ந்து பார்க்கலாம். உங்கள் பாடப்புத்தகத்தையும் பிள்ளைகள் தவறு செய்த நான்கைந்து விடைத்தாள்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.