எங்கள் எம்பியின் வெள்ளிக்கிழமைக் கடிதமும் நூலக மாடிச் சந்திப்பும்: ஒரு கடைக்காரியின் மதிப்பீடு

லண்டன் புறநகரில் நானும் கணவரும் பலசரக்குக் கடை நடத்துகிறோம். எங்கள் தொகுதி எம்பி கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர். 2024 ஜூலைத் தேர்தலில் அந்தக் கட்சி 121 இடங்களுக்குச் சுருங்கியபோதும் எங்கள் தொகுதி கைமாறவில்லை. தேர்தல் முடிந்த கையோடு அவருடைய வாராந்தக் கடிதத்துக்கு என் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை இரவுகளில் கடையைப் பூட்டி, கணக்கு முடித்து, தேநீரோடு உட்கார்ந்து அதைப் படிக்கிறேன். இரண்டு தடவை நேரிலும் போய்ப் பார்த்தேன். அவர் பெயரையோ தொகுதியையோ இங்கே சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நான் மதிப்பிடுவது ஆளை அல்ல, அவர் தருகிற சேவையை. 2025-26இல் எம்பிக்கு ஆண்டுச் சம்பளம் 93,904 பவுண், அலுவலகத்துக்கும் ஊழியருக்கும் ஆகிற செலவு தனி. எல்லாம் நம் வரிப் பணம். கடைக்கு வந்து இறங்குகிற அரிசி மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்ப்பது போல இதையும் பார்க்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

கடிதத்தில் இரண்டு பகுதி. முதலில் அந்தக் கிழமை அவர் என்ன செய்தார் என்ற நாட்குறிப்பு, பிறகு பொருளாதாரம் பற்றி அவர் கருத்து. நாட்குறிப்புக்கு நான் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன். பொருளாதாரப் பகுதிக்கு மூன்று, அதுவும் ஒரு காலத்தில் இரண்டாக இருந்து ஏறிய மூன்று. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

நாட்குறிப்பு ஏன் பிடிக்கிறது என்றால், இந்த நாட்டுக்கு வந்து 20 வருஷம் ஆகியும் எம்பி என்பவர் புதன்கிழமை தொலைக்காட்சியில் கூச்சல் போடுகிறவர் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாமல் இருந்தது. இந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் அந்த அரை மணி நேரம் அவர்களுடைய கிழமையில் எவ்வளவு சின்னத் துண்டு என்று புரிந்தது. திங்கட்கிழமை சபை பிற்பகல் 2:30க்குத்தான் கூடுகிறது, தூரத்துத் தொகுதிக்காரர்கள் ரயில் பிடித்து வந்து சேர வேண்டுமே. ஆனால் அன்று முடிவது இரவு 10 மணிக்கு மேல். எங்களவருக்கு லண்டன்தான் என்பதால் திங்கள் காலையில் தொகுதியில் ஒரு பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ பார்த்துவிட்டுப் போகிறார். செவ்வாய்க்கிழமை குழு வேலை. அதிகாரிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்கிற குழுக்கள் ஒரு பக்கம், மசோதாவை வரி வரியாகப் படிக்கிற குழுக்கள் இன்னொரு பக்கம். புதன் நண்பகல் 12 மணிக்குப் பிரதமரிடம் கேள்வி. அதற்கு முன்கூட்டியே பெயர் கொடுத்து, குலுக்கலில் வருகிற 15 பேரில் ஒருவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுந்து எழுந்து நின்று சபாநாயகர் கண்ணில் பட வேண்டும். எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு கேள்வி உறுதி, பின்வரிசைக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. வியாழக்கிழமை காலையில் அடுத்த கிழமை சபையில் என்ன வரப்போகிறது என்று அறிவிப்பார்கள். அதற்கு மேல் கட்சிக் கொறடா அனுப்புகிற தாள் ஒன்று இருக்கிறதாம். ஒரு வாக்கெடுப்புக்கு அடியில் மூன்று கோடு போட்டிருந்தால் வேறு எந்த வேலை இருந்தாலும் அதை விட்டுவிட்டுப் போய் நிற்க வேண்டும்.

இதையெல்லாம் அவர் பாடம் போல எழுதுவதில்லை. ஒரு கடிதத்தில் எங்கள் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளைப் பாராளுமன்றம் சுற்றிக் காட்டியதைப் பற்றி எழுதியிருந்தார். படியில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கெடுப்பு மணி அடித்துவிட்டது. மணி அடித்து 8 நிமிடத்தில் கதவைப் பூட்டிவிடுவார்கள், ‘ஆம்’ கூடத்துக்குள்ளோ ‘இல்லை’ கூடத்துக்குள்ளோ நடந்து போனால்தான் வாக்கு கணக்கில் சேரும். பிள்ளைகளிடம் நான் எந்தப் பக்கம் போகப்போகிறேன் தெரியுமா என்று கேட்டாராம். ஒரு சிறுமி, “நீங்கள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று உங்களுக்கு யார் சொல்வார்கள்?” என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள். பெரும்பாலும் கட்சி சொல்லும், சில நாளில் மனச்சாட்சி சொல்லும் என்று பதில் சொன்னதாக எழுதியிருந்தார். அந்த இரண்டு வரிக்காகவே அந்தக் கடிதத்தை என் மகளுக்கு அனுப்பினேன்.

போகாத கூட்டத்தையும் சொல்கிறார், இது எனக்கு முக்கியம். எந்த வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை, ஏன் என்று ஒரு வரி இருக்கும். 650 எம்பிக்கள் இருக்கிற சபையில் உட்கார 427 பேருக்குத்தான் இடம், எல்லோரும் எப்போதும் உள்ளே இருக்க முடியாது, அதனால் காலியாகத் தெரிகிற சபையின் படத்தை மட்டும் வைத்து எம்பிக்கள் வேலை செய்வதில்லை என்று முடிவு கட்டாதீர்கள் என்று எழுதியதும் நியாயமாகப் பட்டது.

சரி, பொருளாதாரம்.

அவர் சொல்வதன் சாரம் அந்தக் கட்சிக்காரர்கள் வழக்கமாகச் சொல்வதுதான். அரசாங்கம் அளவோடு செலவு செய்ய வேண்டும், உழைக்கிறவர் கையில் காசு தங்க வேண்டும், வேலை கொடுக்கிறவர் மேல் பாரம் ஏற்றினால் வேலை குறையும், கடன் வாங்கி வட்டி கட்டுகிற நாடு பிள்ளைகளின் காசைச் சாப்பிடுகிறது. கடை நடத்துகிறவளாக இதில் பாதிக்கு மேல் நான் தலையாட்டுவேன். மாதக் கடைசியில் சம்பளம் போட்டு, சப்ளையருக்குக் கட்டி, மின்சாரத்துக்குக் கட்டி, மிச்சத்தை எண்ணிப் பார்க்கிற எவருக்கும் இந்தப் பேச்சு அந்நியமாக இருக்காது. எனக்குக் குறை அவர் கொள்கையில் அல்ல, கணக்கில்.

2024 அக்டோபர் 30 பட்ஜெட்டுக்குப் பிறகு பல மாதமாக ஒரே பேச்சு: ஊழியர் சம்பளத்தின் மேல் முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டுகிற நேஷனல் இன்சூரன்ஸ் 13.8 சதவீதத்தில் இருந்து 15 சதவீதம் ஆகிவிட்டது, அது தொடங்குகிற வரம்பு 9,100 பவுணில் இருந்து 5,000 பவுணுக்கு இறங்கிவிட்டது, தெருமுனைச் சின்னக் கடைகள் தாங்காது. இரண்டு எண்களும் சரி. ஆனால் நான்தான் எங்கள் கடைக்குச் சம்பளக் கணக்குப் பார்க்கிறவள். கடையில் ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 22,000 பவுண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கில் ஒருவருக்கு ஏறக்குறைய 1,780 பவுண், புதிய கணக்கில் 2,550. ஐந்து பேருக்கு 8,900 இருந்தது 12,750 ஆகிறது. இதோடு நிறுத்தினால் அவர் சொல்வது உண்மை. ஆனால் அதே பட்ஜெட்டில் முதலாளி கட்ட வேண்டிய நேஷனல் இன்சூரன்ஸில் கழித்துக்கொள்கிற எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் என்கிற கழிவு 5,000 பவுணில் இருந்து 10,500க்கு ஏறியது. கழித்துப் பாருங்கள். முன்பு நாங்கள் கட்டியது 3,900, இப்போது 2,250. கூடவில்லை, 1,650 பவுண் குறைந்திருக்கிறது. என் தம்பி சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான், அவனிடம் பத்துப் பேர். அவனுக்கு 12,800 ஆக இருந்தது 15,000 ஆகிவிட்டது. அவனுக்கு அடி, எனக்கு இல்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் சின்னக் கடைகள் என்று ஒரே மூட்டையாகக் கட்டினால், என் மாதிரி ஆட்கள் தங்களுக்குக் கிடைத்த கழிவைக்கூடக் கவனிக்காமல் பயந்துகொண்டிருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்கார அண்ணை அப்படிப் பயந்து ஒரு பெடியனின் வேலை நேரத்தையே குறைத்துவிட்டார். பிறகு நான் உட்கார்ந்து கணக்குக் காட்டியபோது அவர் முகம் வாடிப் போய்விட்டது.

எங்களை உண்மையாக அழுத்தியது வேறு. பிசினஸ் ரேட்ஸ், அதாவது கடை இடத்துக்குக் கட்டுகிற வரி. கடைகளுக்கும் உணவகங்களுக்கும் 75 சதவீதமாக இருந்த தள்ளுபடி 2025 ஏப்ரலில் 40 சதவீதமாக இறங்கியது. ரேட்டபிள் வேல்யூ, அதாவது இந்த வரிக்காக இடத்துக்குப் போடுகிற ஆண்டு வாடகை மதிப்பு, 20,000 பவுண் உள்ள ஒரு கடையை எடுத்துக்கொண்டால் அப்போது முழு பில் 9,980. முன்பு அதில் கட்ட வேண்டியது 2,495, 2025-26இல் 5,988. இரண்டு மடங்குக்கு மேல்! அதோடு அதே ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 11.44 பவுணில் இருந்து 12.21 ஆனது. அதை நான் குறை சொல்ல மாட்டேன், எங்களிடம் வேலை செய்கிறவர்களும் வாடகை கட்டத்தானே வேண்டும். ஆனால் தெருமுனைக் கடை பற்றிப் பேசுகிற கடிதத்தில் நேஷனல் இன்சூரன்ஸுக்கு ஐந்து பந்தி, ரேட்ஸுக்கு ஒரே வரி. அந்த 75 சதவீதமும் அவருடைய கட்சி ஆட்சியில் ஒவ்வொரு ஆண்டாக நீட்டிக்கப்பட்டு 2025 மார்ச்சில் முடிகிற ஏற்பாடாகத்தான் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இதே குறை வருமான வரி வரம்பிலும். 12,570 பவுண் வரைக்கும் வரி இல்லை என்ற அந்த எல்லை 2021 ஏப்ரலில் இருந்து அசையவில்லை. நடுவில் 2022 அக்டோபரில் விலைவாசி ஆண்டுக்கு 11.1 சதவீதம் ஏறியது, சம்பளமும் கொஞ்சம் ஏறியது, எல்லை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. 2024இல் ஆட்சிக்கு வந்த லேபர் கட்சி இதை 2031 வரைக்கும் உறையவைத்துவிட்டது என்று கடிதத்தில் கோபமாக எழுதியிருந்தார். 2025 நவம்பர் பட்ஜெட்டில் அது நடந்தது உண்மை. ஆனால் முதலில் உறையவைத்தவர் அப்போது நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக், 2028 வரை நீட்டியவர் பின்னால் அந்தப் பதவிக்கு வந்த ஜெரமி ஹன்ட், இருவரும் எங்கள் எம்பியின் கட்சி. கடன் பற்றிய பகுதியும் இப்படித்தான். கோவிட் காலத்தில் வேலை நிறுத்திவைக்கப்பட்டு வீட்டில் இருந்த ஊழியர்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம், மாதம் 2,500 பவுண் வரைக்கும், அரசாங்கம் கொடுத்தது. தம்பியின் கடை அதில்தான் உயிர் பிழைத்தது. நல்ல காரியம், அதைச் செய்தது அவருடைய கட்சி, அதனால் கடன் ஏறியது. அதைப் பெருமையோடு சொல்லலாமே, ஏன் மறைக்க வேண்டும்? லிஸ் டிரஸ் ஆட்சியில் வந்து வீட்டுக் கடன் வட்டியை ஏறவைத்த 2022 செப்டம்பர் மினி பட்ஜெட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட நான் அந்தக் கடிதங்களில் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக் கடனின் நிலையான வட்டி அடுத்த வருஷம்தான் முடிந்தது, மாதத் தவணை எப்படி ஏறியது என்று எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை.

இந்த மனக்குறையோடுதான் சம்பளக் கணக்கை ஒரே தாளில் எழுதிக்கொண்டு அவருடைய சர்ஜரிக்கு, அதாவது தொகுதிக்காரர்களை நேரில் பார்க்கிற சந்திப்புக்கு, போனேன். டாக்டரிடம் போவதற்கும் எம்பியிடம் போவதற்கும் இந்த ஊரில் அதே சொல்தான். வெள்ளிக்கிழமை காலை, நூலகத்தின் மேல்மாடியில் ஒரு அறை. மின்னஞ்சலில் நேரம் கேட்க வேண்டும், போஸ்ட்கோட் கேட்பார்கள், தன் தொகுதிக்காரரின் வேலையைத்தான் ஒரு எம்பி எடுப்பார். ஆளுக்குப் பத்து நிமிடம்.

எனக்கு முன்னால் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ் அன்ரி. மொழிபெயர்க்க வரவேண்டிய மகனுக்கு வேலையில் விடுப்புக் கிடைக்கவில்லை. “பிள்ளை, நீ வந்து சொல்லிவிடு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சமையலறைச் சுவரில் ஈரம் ஏறிக் கறுப்புப் பூஞ்சணம், கதவுக் கைபிடி உயரத்துக்கு வந்துவிட்டது, வீட்டைப் பராமரிக்க வேண்டியவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது என்றார். எம்பி இடையில் பேசவே இல்லை. முதல் தடவை எப்போது முறைப்பாடு கொடுத்தீர்கள், படம் இருக்கிறதா, அதில் தேதி இருக்கிறதா என்று மூன்றே கேள்வி. பக்கத்தில் இருந்த கேஸ்வொர்க்கர், அதாவது முறைப்பாடுகளைக் கவனிக்கிற அலுவலகப் பெண், அங்கேயே படங்களைத் தன் கணினிக்கு மாற்றிக்கொண்டாள். “அவர்களுக்கு உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்லை, ஆனால் கேட்டு எழுத முடியும், பதில் வராவிட்டால் திரும்ப எழுதுவேன்” என்று அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னபோது அன்ரி, “அது போதும் தம்பி” என்று அவரிடமே தமிழில் சொன்னார். மூன்றாம் கிழமை சுவரைப் பார்க்க ஆள் வந்ததாகக் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

என் முறை வந்தது. தாளை நீட்டினேன். பென்சிலால் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தார். பதினைந்து இருபது பேர் வேலை செய்கிற இடங்களை மனதில் வைத்து எழுதியதாகவும், ஐந்து பேர் கடையைத் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டார். அப்புறம் தன் பக்கத்தையும் சொன்னார். “உங்கள் கணக்குப்படியே ஏழு பேர் வரைக்கும் பழையதை விடக் குறைவு, எட்டாவது ஆளைச் சேர்த்தால் கூடிவிடுகிறது. வளரப் பார்க்கிற கடைக்காரர் அந்த இடத்தில்தானே யோசிப்பார்?” போட்டுப் பார்த்தேன், 9,240 இருந்த இடத்தில் 9,900. சரிதான். இந்த ஒரு வாதத்தைக் கடிதத்தில் எழுதியிருந்தால் ஐந்து பந்தியும் தேவைப்பட்டிருக்காது என்று சொன்னேன்.

அடுத்த கடிதத்தில் எழுதியிருந்தார். கடை பெயர் இல்லாமல், ஒரு தொகுதிக்காரர் காட்டிய கணக்கு என்று சொல்லி, ஐந்து பேர், எட்டுப் பேர் இரண்டையும் போட்டு, கழிவைக் கேட்டு வாங்காதவர்கள் உடனே கணக்காளரிடம் பேசுங்கள் என்றும் சேர்த்திருந்தார். மூன்றாவது நட்சத்திரம் அதற்காக. வரி வரம்பு பற்றிய கதையை இன்னும் பாதியில் இருந்துதான் சொல்கிறார், அதனால் நான்காவது இல்லை.

பெயர் கொடுக்க நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பதிவுப் படிவத்தில் கட்சிப் பிரச்சாரச் செய்திகளுக்குத் தனியாக ஒரு பெட்டி இருக்கும், வேண்டாம் என்றால் அதை டிக் செய்யாதீர்கள், தேர்தல் நேரத்தில் அஞ்சல் பெட்டி நிரம்பிவிடும். சர்ஜரிக்குப் போகிறவர்கள் எல்லாக் கடிதங்களையும் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டு போங்கள், பத்து நிமிடம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். வேறு கட்சிக்கு வாக்களித்தவர்களும் தயங்க வேண்டாம். அந்த அறையில் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

அடுத்த மாதத்துக்கு மறுபடியும் நேரம் எடுத்திருக்கிறேன், 11:20க்கு. இந்த முறை ரேட்ஸ் பில்களைக் கொண்டு போகிறேன், பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து.