ஸ்கேனரா, மீட்டரா, ஸ்கோப்பா? காரின் கேன் லைன் பேசாதபோது எதை முதலில் எடுப்பது

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் மாமாவின் பழைய காரில், ஒரு பெருமழைக்குப் பிறகு ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) விளக்கு எரிந்தது. மறுநாள் ஸ்டீயரிங் விளக்கும் சேர்ந்துகொண்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்துக்கு விழும், பிறகு எழும். பட்டறையில் பழுதுக் கோட் படிக்கும் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு, ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். விலையைக் கேட்டு மாமாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

"மாத்திடலாமாப்பா?"

"ஒரு நாள் பொறுங்க மாமா, மீட்டர் வெச்சுப் பார்த்துடுறேன்."

ஸ்கேனர் காட்டிய கோட் யு0121. ஏபிஎஸ்ஸிடமிருந்து தகவல் வரவில்லை என்பதுதான் அதன் பொருள். காரில் இருக்கும் குட்டிக் கணினிகள், அதாவது மாட்யூல்கள், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரண்டு கம்பிப் பாதைதான் கேன் லைன். பேச்சு வரவில்லை என்றால் ஆளே செத்துவிட்டான் என்று ஆகிவிடாது. நடுவில் கம்பி அறுந்திருக்கலாம், கனெக்டரின் பின்னில் பச்சை பிடித்திருக்கலாம், அந்த யூனிட்டுக்குக் கரண்டே போகாமல் இருக்கலாம். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் யூனிட்டை மாற்றச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்.

ஸ்கேனரைக் குறை சொல்லவில்லை. யார் யாரைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள் என்பதை அது போல வேறெதுவும் காட்டாது. இஞ்சின், கியர், ஏர்பேக் மூன்றும் "ஏபிஎஸ் பேசவில்லை" என்றால் ஏபிஎஸ் பக்கம் போகலாம். ஒரே ஒரு மாட்யூல் மட்டும் "எல்லாரும் காணாமல் போய்விட்டார்கள்" என்றால், துண்டாகி நிற்பது அந்த மாட்யூல்தான். ஆனால் இதற்கு எல்லா மாட்யூலையும் படிக்கிற ஸ்கேனர் வேண்டும். கைப்பேசியோடு இணைக்கிற மலிவான புளூடூத் வகை பெரும்பாலும் இஞ்சினோடு மட்டும்தான் பேசும்; இந்த வேலைக்கு அதை நம்ப வேண்டாம். இன்னொன்று, ஸ்கேனரும் அதே இரண்டு கம்பி வழியாகத்தான் பேசுகிறது. லைன் முழுதாகப் படுத்துவிட்டால் ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கொடுத்து வாங்கியதும் வாய் மூடி நிற்கும்.

மல்டிமீட்டருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய கேன் முறையில், முறுக்கிய இரண்டு கம்பிகளின் இரு முனையிலும் 120 ஓம் வீதம் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். இரண்டும் இணையாக (பேரலல்) சேர்வதால் 60. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் காத்திருந்து, ஸ்கேனரைச் சொருகும் ஓபிடி சாக்கெட்டில் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் இடையே அளந்து பாருங்கள். 60 ஒட்டி வந்தால் முதுகெலும்பு முழுசாக இருக்கிறது. 120 என்றால் ஒரு முனை கழன்றுவிட்டது. பூஜ்யம் ஒட்டி வந்தால் இரண்டு கம்பியும் எங்கோ ஒட்டிக்கொண்டன. 40 வந்தால், பின்னால் பொருத்திய ஏதோ ஒரு சாமான் மூன்றாவது ரெசிஸ்டரைக் கொண்டுவந்திருக்கிறதா என்று பாருங்கள். மீட்டரின் தடித்த முனையை மட்டும் சாக்கெட்டுக்குள் திணிக்காதீர்கள். உள்ளே இருக்கும் தகடு அகண்டுபோய் புதுப் பழுது ஒன்று பிறக்கும்.

மாமாவின் காரில் 120 வந்தது. அந்த இரண்டு பின்னிலிருந்தும் வயரை இழுத்து மீட்டரில் மாட்டிவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு கனெக்டராக அசைத்தேன். முன் பயணி காலடியில், கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு வெள்ளைக் கனெக்டர். விரலால் அழுத்தினால் 61, விட்டால் மறுபடி 120. கழற்றிப் பார்த்தால் ஒரு பின் பாசி பிடித்த மாதிரி பச்சையாக இருந்தது. கோலாலம்பூர் மழையில் எத்தனை முறை உள்ளே தண்ணீர் ஏறியதோ! கனெக்டரை மாற்றி, கம்பிகளைப் பழையபடி முறுக்கியே இணைத்தோம். ஏபிஎஸ் யூனிட்டுக்கு ஒன்றுமே இல்லை.

சரி, மீட்டர் எங்கே தோற்கும்? சாவியைப் போட்டு அந்த இரண்டு கம்பியிலும் வோல்ட் பார்த்தால் கேன் ஹை 2.6, கேன் லோ 2.4 போல வரும். அது சராசரி மட்டுமே. ஹை 12-க்கு ஏறினாலோ பூஜ்யத்தில் படுத்தாலோ மீட்டரே சொல்லிவிடும். ஆனால் 500 கிலோபிட் வேகத்தில் ஒரு பிட்டுக்கு 2 மைக்ரோ வினாடிதான். பள்ளத்தில் விழும்போது மட்டும் தலைகாட்டுகிற பழுது மீட்டரின் கண்ணில் படாது. அங்கேதான் வோல்ட் ஏறி இறங்குவதை அலைக்கோடாகக் காட்டும் இரண்டு சேனல் ஆசிலாஸ்கோப் வேண்டும். ஹை 2.5-லிருந்து 3.5-க்கு ஏறும்போது லோ 1.5-க்கு இறங்கும், கண்ணாடியில் பார்த்தது போல. ஒரு பக்கம் மட்டும் சிதைந்தால் எந்தக் கம்பி என்று உடனே தெரியும். வீட்டுக்கு ஒன்று வாங்கச் சொல்லமாட்டேன். பட்டறை வைத்திருப்பவர் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

அப்புறம், மூன்றுக்கும் முன்னால் பேட்டரியைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும்போது வோல்ட் மிகவும் விழுந்தால் யு0121 மாதிரியான யு கோட் கும்பலாக வரும்.

நான் எடுப்பது இந்த வரிசையில்: பேட்டரி, மீட்டர், ஸ்கேனர், கடைசியில் ஸ்கோப். புதிய கார்களில் மட்டும் மாற்றிக்கொள்வேன். அவற்றில் ஓபிடி சாக்கெட்டுக்குப் பின்னால் கிளைகளுக்கு நடுவே தகவலைக் கடத்தும் ஒரு கேட்வே உட்கார்ந்திருக்கும். 6-க்கும் 14-க்கும் இடையே 60 வந்தால் அதுவரைக்கும் உள்ள கம்பி நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். அங்கே முதலில் ஸ்கேனரால் எந்தக் கிளை அமைதியாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, வயரிங் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மீட்டரை கேட்வேயின் மறுபக்கத்தில் வைக்க வேண்டும்.